இடது பக்கம் மட்டுமே திரும்பும் பந்தயம்: ரிக் மியர்ஸ் வழியாக ஓர் அறிமுகம்

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசி வாக்கில் ஒரு ஞாயிறு அன்று 33 கார்கள் வரிசைக்கு மூன்றாக 11 வரிசையில் வந்து நிற்கும். பச்சைக் கொடி அசைந்ததும் 200 சுற்று ஓடும். மொத்தம் 500 மைல், நம் கணக்கில் 800 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதுதான் இண்டி 500. முதல் பந்தயம் நடந்தது 1911-இல்.

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'இடது பக்கம் திரும்புகிறார்கள், நேராக ஓட்டுகிறார்கள், மறுபடி இடது பக்கம் திரும்புகிறார்கள். இதில் என்ன இருக்கிறது?' எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சலிப்பாகத்தான் தெரியும். என் எண்ணத்தை மாற்றியவர் ரிக் மியர்ஸ். இந்தப் பந்தயத்தை நான்கு முறை வென்ற ஓட்டுநர். அவர் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போனால் இந்த விளையாட்டின் உள்விஷயம் ஒவ்வொன்றாகத் தானே விளங்கும். அதனால் அவர் கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். 'ஓப்பன் வீல்' என்றால் சக்கரங்கள் மூடப்படாமல் வெளியே தெரியும் பந்தயக் கார். ஓட்டுநர் ஒருவர் மட்டும் உட்காரலாம். ஃபார்முலா ஒன் காரும் இந்த வகைதான், இண்டி காரும் இந்த வகைதான். 'ஓவல்' என்றால் நீள்வட்டத் தடம். இண்டியானாபோலிஸ் தடம் உண்மையில் மூலைகள் வளைந்த செவ்வகம். ஒரு சுற்று இரண்டரை மைல், அதாவது நான்கு கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு நேர்ப்பாதைகள், 200 மீட்டர் அளவில் இரண்டு குட்டி நேர்ப்பாதைகள், நான்கு வளைவுகள். வளைவுகளில் தரை ஒன்பது டிகிரி போல உள்பக்கம் சரிந்திருக்கும். வெளி ஓரத்தில் புல்வெளி கிடையாது, மணல் கிடையாது. கான்கிரீட் சுவர்தான்.

மியர்ஸ் பிறந்தது 1951 டிசம்பர் 3, கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில். வளர்ந்தது கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில். அப்பா பில் மியர்ஸ் உள்ளூர்த் தடங்களில் கார் ஓட்டியவர். அண்ணன் ரோஜரும் பந்தய ஓட்டுநர். ரிக் முதலில் ஓட்டியது மோட்டார் சைக்கிள், அப்புறம் பாலைவனத்தில் ஓடும் பக்கி வண்டிகள். பாலைவனத்தில் தரை ஒரு இடத்தில் இருப்பதுபோல இன்னொரு இடத்தில் இருக்காது. பின்சக்கரம் எப்போது வழுக்கப் போகிறது என்பதை முதுகால் உணர வேண்டும். பின்னாளில் ஓவலில் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான் என்பது என் எண்ணம்.

1976-இல் இண்டி காருக்கு வந்தார். பந்தயப் பாதுகாப்பு உடைகள் செய்வதில் பேர் பெற்ற பில் சிம்ப்சன் தன்னுடைய பழைய காரை ஓட்டக் கொடுத்தார். 1977-இல் இண்டி 500-க்குப் போனார். தகுதி பெறவில்லை. 33 பேரில் ஒருவராகக்கூட வர முடியாமல் திரும்பிய அவர்தான் இரண்டே ஆண்டில் அதே பந்தயத்தை வென்றார்.

இடையில் நடந்தது ரோஜர் பென்ஸ்கியின் அறிமுகம். பென்ஸ்கி அப்போதே பெரிய அணியின் முதலாளி. கொலராடோ மலைகளில் பந்தயக்காரர்கள் கூடி மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒரு பயணத்தில் இருவரும் பழகினார்கள். பென்ஸ்கியின் ஓட்டுநர் மாரியோ ஆண்ட்ரெட்டி ஃபார்முலா ஒன்னுக்காக அடிக்கடி ஐரோப்பா போய்விடுவார். அந்த நாட்களில் காரை ஓட்ட ஆள் வேண்டும். 1978-இல் அந்தப் பகுதிநேர வாய்ப்பு மியர்ஸுக்குக் கிடைத்தது. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் வேறு அணி மாறவில்லை.

1978 இண்டி 500 தகுதி ஓட்டத்தில் புதுமுகமான மியர்ஸ் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். நம் கணக்கில் 322 கிலோமீட்டர். முதன்முறை தகுதி பெற வந்த யாரும் அதற்குமுன் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. மூன்றாவது இடத்தில், முதல் வரிசையிலேயே நின்றார்.

தகுதி ஓட்டம் இங்கே தனி விஷயம். ஃபார்முலா ஒன்னில் சிறந்த ஒரு சுற்று போதும். இண்டியில் காலித் தடத்தில் தனியாக, விடாமல் நான்கு சுற்று ஓட்ட வேண்டும். நான்கின் சராசரிதான் கணக்கு. மூன்று சுற்று பிரமாதமாக ஓட்டி நான்காவதில் சறுக்கினால் எல்லாம் வீண். சுற்றுக்குச் சுற்று டயர் சூடாகி, பிடிப்பு மாறிக்கொண்டே போகும். அந்த மாற்றத்தை முன்கூட்டியே உணர்ந்து கையை அரை இன்ச் முன்னால் திருப்புபவரே ஜெயிப்பார். மியர்ஸ் இதில் ஆறு முறை முதலிடம் பிடித்தார்: 1979, 1982, 1986, 1988, 1989, 1991. அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் எட்டவில்லை. 15 முறை இண்டி 500 ஓட்டியதில் 11 முறை முதல் வரிசையில் நின்றிருக்கிறார்.

சரி, அவர் வளைவில் என்னதான் செய்தார்? இதைப் புரிந்துகொள்ள ஒரு டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல். நேராக ஓடாமல் வளைந்து வளைந்து உருளும். ஓவல் காரிலும் இதே தந்திரம் உண்டு. வலது பின் டயர் இடது பின் டயரைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். காரே தானாக இடது பக்கம் இழுக்கும். பந்தயக்காரர்கள் இதை 'ஸ்டாகர்' என்பார்கள். அதிகம் வைத்தால் வளைவில் சுகம், நேர்ப்பாதையில் தொல்லை. குறைத்தால் நேர்மாறு.

அடுத்து இரண்டு நோய்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் மூக்கு திரும்பாமல் சுவரை நோக்கியே போனால் அது 'புஷ்'. பின்பகுதி வெளியே வழுக்கிக்கொண்டு போனால் அது 'லூஸ்'. புஷ் பயமுறுத்தும், லூஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடத்தில்தான் வேகம் இருக்கிறது. அந்த இடமும் நிலையாக நிற்காது. வெயில் ஏறினால் தடம் வழுக்கும். மேகம் மூடினால் பிடிப்பு கூடும். மியர்ஸ் காலத்தில் டேங்க் 40 காலன், சுமார் 150 லிட்டர் கொள்ளும். நிறைந்த டேங்குக்கும் காலி டேங்குக்கும் நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம். முன்னால் போகும் கார் காற்றைக் கலைத்துவிடுவதால், பின்னால் வரும் காரின் மூக்கைக் காற்றால் தரையோடு அழுத்தும் முன்இறக்கை வேலை செய்யாமல் திடீரென்று புஷ் வரும். மூன்று மணி நேரம் இப்படியே ஓடும்.

மியர்ஸின் தனித்தன்மை இங்கேதான். மற்றவர்கள் காருக்கு ஏற்ப ஓட்டினார்கள், அல்லது காரை மீறி ஓட்டினார்கள். அவர் பந்தயத்தின் முதல் 400 மைலைக் காரைச் சரிசெய்யும் நேரமாக எடுத்துக்கொண்டார். பிட்டுக்கு, அதாவது எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் நிற்கும் இடத்துக்கு, வரும்போதெல்லாம் முன்இறக்கையின் சாய்வைச் சிறிது மாற்றச் சொல்வார், டயர் காற்றை மாற்றச் சொல்வார். ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருக்கும் நெம்புகோலால் சஸ்பென்ஷன் விறைப்பை மாற்றுவார். கடைசி 100 மைல் வரும்போது அவருடைய கார் எல்லோருடைய காரையும்விட ஒழுங்காக ஓடும்.

1988 பந்தயம் இதற்கு நல்ல உதாரணம். முதல் வரிசை மூன்றும் பென்ஸ்கி கார்கள்: மியர்ஸ், டேனி சல்லிவன், ஆல் அன்சர். மியர்ஸின் தகுதிச் சராசரி மணிக்கு 219.198 மைல். பந்தயம் தொடங்கியதும் அவர் கார் சொன்னபடி கேட்கவில்லை. பின்னுக்குப் போனார், ஒரு கட்டத்தில் ஒரு சுற்றே பின்தங்கிவிட்டார். முன்னால் சல்லிவன் பறந்துகொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் அவசரப்பட்டு எதையாவது இடித்திருப்பார்கள். இவர் ஒவ்வொரு பிட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காரைத் திருத்திக்கொண்டே வந்தார். சல்லிவன் பாதியில் சுவரில் மோதினார். மியர்ஸ் மூன்றாவது முறையாக வென்றார்.

முதல் வெற்றி 1979-இல். அன்சர் சகோதரர்கள் இருவரும் முன்னணியில் இருந்து, கார்க் கோளாறால் ஒருவர் பின் ஒருவராகப் பின்தங்கினார்கள். மியர்ஸ் தன் காரைப் பத்திரமாக வைத்திருந்தார். அதே ஆண்டு, இண்டி கார்களுக்காகப் புதிதாகத் தொடங்கிய 'கார்ட்' என்ற பந்தயத் தொடரின் முதல் சாம்பியனும் அவரே. 1981, 1982-லும் அந்தப் பட்டம் அவருக்குத்தான்.

1980-இல் ஃபார்முலா ஒன்னின் பிரபம் அணி அவரை அழைத்துக் கார் ஓட்டிப் பார்க்கச் சொன்னது. வேகத்தில் குறை இல்லை, அந்த அணியின் நெல்சன் பிக்கே எடுத்த நேரத்துக்குப் பக்கத்திலேயே அவரும் ஓட்டினார். ஆனாலும் வேண்டாம் என்று வந்துவிட்டார். ஓவல் அவருக்கு வீடு மாதிரி.

அந்த வீட்டில்தான் தீயும் பிடித்தது. 1981 இண்டி 500, 58-ஆம் சுற்று. எரிபொருள் நிரப்ப பிட்டுக்கு வந்தார். குழாய் காரில் சரியாகப் பொருந்துமுன்பே எரிபொருள் பீய்ச்சி அடித்தது, சூடான எஞ்சினில் பட்டுப் பற்றிக்கொண்டது. இதில் கொடுமை என்னவென்றால் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கார்கள் ஓடியது மெத்தனாலில். 1964 பந்தயத்தில் பெட்ரோல் தீயில் இரண்டு ஓட்டுநர்கள் இறந்த பிறகு இண்டி கார்கள் மெத்தனாலுக்கு மாறின. மெத்தனால் தீயைத் தண்ணீர் ஊற்றியே அணைக்கலாம், அது நல்லது. ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை தெரியாது, புகையும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் காரிலிருந்து குதித்து ஓடுகிறார், கைகளை வீசுகிறார். சுற்றி இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. இடுப்புக்கு மேல் எரிந்துகொண்டிருந்த மியர்ஸ் பிட் சுவரைத் தாண்டிக் குதித்தார். மூச்சு விட முடியவில்லை. தீயணைப்பான் வைத்திருந்தவர் பயந்து அதைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டார். கடைசியில் அவருடைய அப்பா பில் ஓடிவந்து, தீயணைப்பானைப் பிடுங்கி மகன்மேல் அடித்து அணைத்தார். மியர்ஸுக்கு முகத்தில், முக்கியமாக மூக்கில், பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எரிபொருள் குழாயில் புது வால்வு வந்தது. காரோடு பொருந்தினால் மட்டுமே திறக்கும். முகம் வெந்த அந்த ஆண்டும் சாம்பியன் பட்டம் வென்றவர் அவர்தான் என்பதை மறுபடியும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1982, தோற்ற பந்தயம். ஆனால் மியர்ஸ் பெயரைச் சொன்னதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். கடைசி பிட்டில் அவருடைய அணி டேங்கை முழுக்க நிரப்பியது. எதிரி கோர்டன் ஜான்காக் தேவையான அளவு மட்டும் நிரப்பிக்கொண்டு சீக்கிரம் கிளம்பினார். பத்து வினாடிக்கும் மேல் இடைவெளி. மியர்ஸ் சுற்றுக்கு ஒரு வினாடி வீதம் அந்த இடைவெளியைத் தின்றுகொண்டே வந்தார். ஜான்காக்கின் கார் புஷ் ஆகிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் முதல் வளைவுக்குப் போயின. ஜான்காக் இடம் விடவில்லை. மியர்ஸ் காலை எடுத்து, மறுபடி துரத்தி, கோட்டைத் தொட்டபோது வித்தியாசம் 0.16 வினாடி. அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 14 மீட்டர். அதுவரை நடந்த இண்டி 500-களில் அவ்வளவு நெருக்கமான முடிவு இல்லை.

1984-இல் இரண்டு சுற்று முன்னிலையில் இரண்டாவது வெற்றி. சராசரி மணிக்கு 163.612 மைல், அப்போதைய சாதனை. மூன்று மாதம் கழித்து செப்டம்பரில், கனடாவின் கியூபெக்கில் உள்ள சனேர் என்ற சிறிய ஓவலில் பயிற்சியின்போது தடத்தோரத் தடுப்பில் மோதினார். அந்தக் காலக் கார்களில் ஓட்டுநரின் பாதங்கள் காரின் மூக்குக்குள், முன்சக்கர அச்சுக்கும் முன்னால் நீட்டியிருக்கும். எது முதலில் நொறுங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பாதங்களும் கடுமையாகச் சிதைந்தன. வெட்டி எடுக்க வேண்டிவரலாம் என்ற நிலை. இண்டியானாபோலிஸில் எலும்பு மருத்துவர் டெர்ரி டிராமல் பல அறுவை சிகிச்சைகள் செய்து காப்பாற்றினார்.

1985-இலேயே திரும்பி வந்து போகோனோ ஓவலில் வென்றார். ஆனால் பாதங்கள் பழையபடி ஆகவில்லை. நகரச் சாலைத் தடங்களில் பிரேக்கை ஓயாமல் அழுத்த வேண்டும், அது வலித்தது. விபத்துக்குப் பிறகு அவர் வென்றவை கிட்டத்தட்ட எல்லாமே ஓவல்கள்தான், 1989-இல் லகுனா சேகா சாலைத் தடத்தில் வென்றது மட்டும் விலக்கு. ஓவலில் பிரேக் குறைவு, உணர்வு அதிகம். 1986 நவம்பரில் மிச்சிகன் தடத்தில் ஒரு சுற்றை மணிக்கு 233.934 மைல், அதாவது 376 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். இண்டி கார்களில் அப்போதைய சாதனை அது. காலே போய்விடும் என்று பயந்ததற்கு இரண்டு ஆண்டு கழித்து.

இனி 1991. ஓவல் பந்தயம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த ஆண்டின் இரண்டே இரண்டு சுற்றுகள்தான்.

தகுதி ஓட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில் மியர்ஸ் சுவரில் மோதினார். இண்டியானாபோலிஸில் 13 ஆண்டுகள் ஓட்டியும் அதுவரை அவர் சுவரைத் தொட்டதே இல்லை. வலது பாதத்தில் எலும்பு முறிந்தது. அதை வெளியே சொல்லவில்லை. மறுநாள் நான்கு சுற்று ஓட்டி 224.113 மைல் சராசரியில் முதலிடம் பிடித்தார். ஒரு சுற்றுக்கு 40 வினாடிதான். பந்தய நாளில் வலது பாதம் தாங்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிப்பது அந்தக் கால்தான். வலி முற்றியபோது இடது காலைக் குறுக்கே கொண்டுவந்து வலது கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டே ஓட்டினார்.

அன்று பெரும்பாலான நேரம் வேகமாக ஓடியவர் மாரியோவின் மகன் மைக்கேல் ஆண்ட்ரெட்டி. மஞ்சள் கொடி காட்டி எல்லோரையும் மெதுவாக ஓடவிட்ட பிறகு 187-ஆம் சுற்றில் பந்தயம் மீண்டும் தொடங்கியதும், முன்னால் இருந்த மியர்ஸை முதல் வளைவில் வெளிப்பக்கமாகத் தாண்டினார் மைக்கேல். இது ஏன் பெரிய விஷயம் என்றால், வளைவில் எல்லோரும் ஓட்டும் பாதை ஒன்றுதான். சுவர் ஓரமாக நுழைந்து, உள்கோட்டைத் தொட்டு, மறுபடி சுவர் ஓரம் வெளியேறும் பாதை. ஓடி ஓடி அங்கே மட்டும் ரப்பர் படிந்து நல்ல பிடிப்பு இருக்கும். அதற்கு வெளியே டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் துகள்கள் கோலி குண்டு மாதிரி கிடக்கும். வெளிப்பக்கம் தாண்டுவது என்றால் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அழுத்தும் விசையோடு, அந்தத் துகள்களுக்கும் சுவருக்கும் பக்கத்தில் போவது. மைக்கேல் அதைச் செய்துவிட்டார். பார்த்தவர்கள் பந்தயம் முடிந்தது என்றே நினைத்தார்கள்.

அடுத்த சுற்றில் மியர்ஸ் மைக்கேலின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார். இதைத்தான் 'டிராஃப்டிங்' என்பார்கள். முன்கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்கார் எதிர்க்காற்று இல்லாமல் இழுபடும். பேருந்தின் பின்னால் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும் அந்தச் சுகம். நேர்ப்பாதை முடிவில் மைக்கேல் உள்பக்கத்தை அடைத்தார். மியர்ஸ் தயங்கவே இல்லை. அதே முதல் வளைவு, அதே வெளிப்பக்கம். கார் அசையாமல் தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. நாள் முழுக்கப் பிட்டுக்குப் பிட்டு அவர் திருத்தி வைத்திருந்த காரை அப்போதுதான் முழுசாக வெளியே காட்டினார். முடிவில் 3.1 வினாடி வித்தியாசத்தில் நான்காவது வெற்றி. ஏ. ஜே. ஃபாய்ட், ஆல் அன்சர் இருவருக்கும் அடுத்து அந்த எண்ணிக்கையைத் தொட்ட மூன்றாமவர் ஆனார்.

அந்த முதல் வளைவுக்கும் நமக்கும் உண்மையான ஒரு தொடர்பு உண்டு. பின்னாளில் ஃபார்முலா ஒன் இண்டியானாபோலிஸுக்கு வந்தபோது அந்தத் தடம் ஓவலின் ஒரு பகுதியை எதிர்த்திசையில் பயன்படுத்தியது. ஓவலின் முதல் வளைவு அவர்களுக்குக் கடைசி வளைவு. 2005-இல் அந்தச் சாய்வையும் வேகத்தையும் மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. அந்த டயர் போட்ட 14 கார்களும் விலகிவிட்டன. மீதி ஆறு கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் ஆனது அன்றுதான். ஓவல் வளைவு டயரை என்ன பாடு படுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1992 பயிற்சியில் மியர்ஸின் கார் மோதிக் கவிழ்ந்தது, மணிக்கட்டில் அடிபட்டது. பந்தயத்திலும் வேறொரு காரின் விபத்தில் சிக்கி வெளியேறினார். அந்த டிசம்பரில் பென்ஸ்கி அணியின் கிறிஸ்துமஸ் விருந்தில் எழுந்து நின்று, இனி ஓட்டப் போவதில்லை என்று சொன்னார். அங்கிருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அதுவரை தெரியாது. 41 வயது, இண்டி கார் பந்தயங்களில் மொத்தம் 29 வெற்றி. பிரியாவிடைப் பந்தயம் என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

அணியை விட்டும் போகவில்லை. ஆலோசகராக இருந்து, அடுத்தடுத்து வந்த இளைஞர்களுக்கு ஓவல் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் ஒருவர் பிரேசில் நாட்டு எலியோ காஸ்ட்ரோநெவஸ். 2001, 2002, 2009 என்று பென்ஸ்கி காரில் மூன்று முறை வென்று, 2021-இல் வேறோர் அணியின் காரில் நான்காவதும் வென்றார். நான்கு முறை வென்றவர்கள் பட்டியலில் இப்போது மியர்ஸுக்குப் பக்கத்தில் நிற்பது அவர் சொல்லிக்கொடுத்த பையன்தான்.

1991-இன் 187, 188 சுற்றுகள் காணொளியாகக் கிடைக்கின்றன. இரண்டும் சேர்த்து ஒன்றரை நிமிடம்கூட வராது. முதல் முறை பார்க்கும்போது முந்துபவரைப் பாருங்கள். இரண்டாம் முறை, 187-இல் தாண்டப்படும் நேரத்தில் மியர்ஸின் காரை மட்டும் பாருங்கள்.